எலோடிக்கு ஒரு பூசை

இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு நவம்பர் ஞாயிறு, என் புருஷனுக்கு ஒரு வெள்ளைக்காரி இருந்து செத்துப்போனாள் என்று பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் பகுதியில் அரைவாசித் தமிழ்ச் சனத்துக்குத் தெரிந்துபோயிற்று. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

பூசை தொடங்க முதல், யார் யாருக்காக அதை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்று சுவாமியார் வாசிப்பார். நவம்பர் செத்தவர்களின் ஆத்துமாக்களுக்கான மாதம் என்றபடியால் பட்டியல் நீளம். நான் பாதி கேட்டும் பாதி கேளாமலும் என் செபமாலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் விழுந்தது அந்த இடி: "எலோடியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, பத்திநாதர்."

எங்கள் கோயிலில் எல்லாரும் குடும்பமாகத்தான் பூசை கொடுப்பார்கள். புருஷன், பெண்சாதி, பிள்ளைகள் என்று பெயர்கள் வரிசையாக வரும். என் புருஷன் பத்திநாதரோ தன் பெயரைத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயருக்கு முன்னால் ஒரு "திருமதி" கூட இல்லை. முன் வாங்கில் இருந்த ஜெனாட், கழுத்துச் சுளுக்கினாலும் பரவாயில்லை என்று முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

பூசை முடிந்து வாசலுக்கு வரவும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மனசைத் தேற்றுங்கோ. அண்ணை இப்பிடியெண்டு நான் கனவிலயும் நினைக்கேல்லை."

"நானும் நினைக்கேல்லை" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

இதற்கெல்லாம் முதற் காரணம் நான்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்திநாதர் முப்பது வருடம் டவுன்டவுன் ரெஸ்டோரண்ட் ஒன்றின் சமையலறையில் நின்றவர். ஓய்வு எடுத்து வீட்டில் இருந்த மூன்றே மாதத்தில் என் மிளகாய்த்தூள் போத்தலை நாலு இடம் மாற்றினார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பேரப்பிள்ளைகளோடு போய் மினைக்கெடுங்கோ என்று துரத்திவிடவும் வழியில்லை. லைப்ரரி சுவரில் ஒரு அறிவித்தலைக் கண்டேன். ஆற்றங்கரையில் ஒரு பழைய கல்வீடு. அதை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். சம்பளமில்லாமல் உதவ ஆட்கள் தேவை. நானே நம்பரை எழுதிக்கொண்டுவந்து கொடுத்தேன். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான்.

மனிதர் போன கையோடு மாறிவிட்டார். ஒவ்வொரு சனியும் நீலச் சேர்ட், டை. வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதைப் பாடமாக்கிக் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று ஒப்புவிப்பார். இந்த ஊரில் எல்லாம் பிரெஞ்சுதான்; அவருடைய பிரெஞ்சு, சமையல்காரரிடம் படித்தது. அதில் பாதி நாலு பேருக்கு முன்னால் சொல்லக்கூடாதது. அதைக் களைந்தெடுக்கவே ஒரு மாதம் பிடித்தது. திரைச்சீலையை எப்போது இழுத்து மூடவேண்டும், மேசையை எந்தத் தூரிகையால் தூசு தட்டவேண்டும் என்றெல்லாம் எனக்கு வகுப்பு எடுத்தார். என் வீட்டு மேசையைத் துடைத்தாரா என்று கேட்காதீர்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"ஆர் அந்த எலோடி?"

"அந்த வீட்டுக்காரி. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினொண்டிலை செத்தவ" என்றார், ஏதோ பக்கத்து வீட்டு மனிசியைச் சொல்வதுபோல.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அதைவிடப் பத்து மடங்கு கோபமும் வந்தது. "செத்து நூறு வருசம் தாண்டின மனிசிக்கு இப்ப என்ன பூசை? அதையும் ஏன் எனக்குச் சொல்லாமல் குடுத்தனீங்கள்? சனத்துக்கு முன்னாலை நான் எப்பிடி முழிக்கிறது?"

"அவவுக்கு ஒருத்தரும் இல்லை, யோசெப்பின்." சொல்லாமல் கொடுத்ததற்குக் காரணம் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

"இனி நீங்கள் அந்த வீட்டுப் பக்கம் போகக்கூடாது" என்றேன்.

சண்டை பிடிப்பார் என்று பார்த்தேன். பிடிக்கவில்லை. டையைக் கழற்றி மெதுவாகச் சுருட்டினார். "சரி. வாற சனியோட விடுறன். ஒருக்கா நீரும் வாரும். வந்து பாத்திட்டுச் சொல்லும்."

வேலையால் நின்ற நாளில்கூட அவருடைய முகம் அப்படி வாடியதை நான் கண்டதில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. ரோஷம் ஒன்று இருக்கிறதே.

சனிக்கிழமை மெட்ரோ, பிறகு பஸ், பிறகு சேற்றுப்பனிக்குள்ளால் நடை. வாசலில் சப்பாத்துக்கு மேலே போட நீல நிறத்தில் பிளாஸ்டிக் உறை தந்தார்கள். இவர் நின்று விளக்கம் சொல்கிற இடம் மேல்மாடிப் படுக்கையறை. கட்டிலுக்கு மேலே எலோடியின் படம். ஒரு கிழமையாக அவளோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்த நான் முதலில் பார்த்தது மூக்கைத்தான். பெரிய மூக்கு. மனதுக்குள் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்றால் தேவன் மன்னிக்கட்டும்.

ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தது. பத்திநாதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொடங்கினார். இது அவவின் கட்டில். இது அவ முழங்காலில் நின்று செபம் சொன்ன பலகை; இரண்டு முழங்காலும் பட்ட இடம் குழிந்துபோயிருக்கிறது, பாருங்கள். அவவுக்கு நாலு பிள்ளைகள். ஒரே மாதத்தில் அம்மை நோயில் நாலும் போயின. அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் அவ இந்த வீட்டில் இருந்தவ. புருஷனும் முந்திப் போய்விட்டார்.

"இப்ப அவவின்ரை ஆக்கள் ஆரும் இருக்கினமா?" என்று அந்தப் பெண் பிரெஞ்சில் கேட்டாள்.

அதற்குப் பாடத்தில் ஒரு வரி இருக்கிறது. அவர் வீட்டில் நூறு தரம் ஒப்புவித்து எனக்கே மனப்பாடம்: வாரிசு யாரும் இல்லை, அடுத்தது சமையலறை. அந்த வரியை அவரால் சொல்ல முடியவில்லை. யன்னல் பக்கம் திரும்பி மூடியிருந்த திரைச்சீலையை இன்னொரு தரம் மூடினார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாற்பத்தொரு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் கதைக்காமல் சுற்றிப்போகிற ஒரு விஷயம் உண்டு. எங்களுக்குப் பிறகு எங்களுக்கு யார் பூசை கொடுப்பார்கள்? எலோடிக்கு ஒருத்தரும் இல்லை, பூசை கொடுப்போம் என்று முதலே என்னிடம் சொல்லியிருந்தால், அடுத்த பேச்சு அதில்தான் வந்து நின்றிருக்கும். என்னை அழவைக்கக்கூடாது என்றுதான் இந்த மனிதர் களவாகப் போய்ப் பூசைக்குத் துண்டுக் கடதாசி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நானும் இருபத்தைந்து வருடம் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துப் பிரெஞ்சு படித்தவள்தான். "இருக்கிறோம்" என்றேன். "நாங்கள் இருக்கிறோம். போன ஞாயிறுதான் அவவுக்குப் பூசை கொடுத்தோம். தமிழில்."

"தமிழிலா!" என்று அந்தப் பெண் நெஞ்சில் கையை வைத்தாள். பத்திநாதர் திரும்பி என்னைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடுத்தது சமையலறை" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன்: "வாற சனிக்கு மற்றச் சேர்ட்டைப் போடுங்கோ. இதின்ரை கொலர் தேஞ்சுபோச்சு." அவர் வெளியே பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றார்.

கோயில் சனத்துக்கு விளக்கம் சொல்வது பெரிய வேலையாக இருக்கவில்லை. ஜெனாட்டுக்கு ஒரு போன். அவளுக்குச் சொன்னால் பேப்பரில் போடத் தேவையில்லை. அடுத்த கோடையில் அவளே பத்தொன்பது பேரைத் திரட்டிக்கொண்டு, பெரிய பெட்டியில் ரோல்ஸோடு அந்த வீட்டைப் பார்க்க வந்துவிட்டாள். உள்ளே சாப்பாடு கூடாது என்று பத்திநாதர் வாசலில் மறித்தார். அன்றைக்கு அவருக்கு இருந்த மிடுக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜெனாட் படத்துக்கு முன்னால் நின்று சொந்தத் தாய் செத்ததுபோல அழுதாள். அவள் எங்கேயும் அழுவாள்தான்.

பிறகு நவம்பர் வந்தது. இந்த முறை துண்டு எழுதியது நான். சுவாமியார் வாசித்தார்: "எலோடியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, பத்திநாதர், யோசெப்பின் குடும்பத்தினர்." ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பெயர் தள்ளி மீண்டும் வந்தது: "எலோடியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, கிறிஸ்தோப்பர், ஜெனாட் குடும்பத்தினர்." கொஞ்சம் தள்ளி, கோடையில் வீடு பார்க்க வந்த டெனிஸ்டன் வீட்டார். அதற்குப் பிறகு, எனக்கு முகம்கூடச் சரியாகத் தெரியாத ஒரு குடும்பம்.

பத்திநாதரின் காதுக்குள் சொன்னேன்: "பாத்தியளே? ஆரெண்டே தெரியாத மனிசிக்கு இவ்வளவு சனம் குடுக்குது. எங்களுக்குக் குடுக்காமல் விடப்போயினமே?"

அவர் நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டே, "குடுப்பினம். ஆனா நீர் முந்திச் சாகாதையும். அந்த மிளகாய்த்தூள் போத்தலை நீர் கடைசியா எங்க வைச்சனீரெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

சுவாமியார் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். நான் என் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டேன், கோயிலில், ஜெனாட் பார்க்கப் பார்க்க.