விரலால் நடக்கிற வீடு

அட்டையில் குட்டி மாடல் வீடு செய்வது சுத்தமான தொழில் என்று நினைப்பவர்கள், பசை காயாத என் விரல்களோடு ஒரு நாள் சோறு சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஹட்டனில் பத்து வருடமாக இதுதான் பிழைப்பு. மழைக்காலத்தில் அட்டை ஊதிப்போய் அழுதவர்கள் யாராவது இருந்தால், வாருங்கள், சேர்ந்தே அழுவோம்.

தேயிலைச் செடிக்கு எது?

ஒரு தோட்டத்து மாடலுக்காக ஸ்பொஞ்சைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் முக்கினேன். பாசி மாதிரி இருந்தது. மரத்தூள் உதிர்ந்தது. அசல் தேயிலைத் தூளையே ஒட்டினேன். நம் ஊர் ஈரத்தில் நாலே நாளில் பூஞ்சணம் பிடித்தது. கடைசியில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை வெட்டி ஒட்டிவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அக்கரப்பத்தனையில் கொழுந்தெடுக்கும் சரோஜா அக்கா ஒரு வேலை சொல்ல வந்தார். மாடலை ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பி, செடி கூரை உசரத்துக்கு நிக்குது. ஏணி வச்சா கொழுந்தெடுக்கிறது?"

அக்கா சொன்ன வேலை

அவருடைய கணவர் பெருமாள் அண்ணனுக்குச் சீனி வருத்தத்தில், அதுதான் சர்க்கரை நோயில், இரண்டு கண்ணும் போய்விட்டது. இப்போது இருக்கிற லயத்து வரிசை வீட்டிலிருந்து, தண்ணீர் பிடிக்கிற பீலி வரை தனியாகவே போய்வருவார். அடுத்த மாதம் புது வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அங்கே போனால் மூலையில் உட்கார்ந்துவிடுவோம் என்று அவருக்குப் பயம். வரவே மாட்டேன் என்கிறாராம். நான் வழக்கம்போல, என்ன நிறம் பூசட்டும் என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நிறம் எதுக்குங்க தம்பி? அவரு தடவிப் பாத்துப் பழகணும்."

முதல் முயற்சி

புது வீட்டை அளந்து, ஒரு அடிக்கு ஒரு அங்குலமாக, கூரை இல்லாமல் அட்டையில் செய்து லயத்துக்குக் கொண்டுபோனேன். அண்ணன் இரண்டு விரல்களைக் கால்களாக்கி வாசலில் நுழைந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"எல்லாம் ஒரே வழுவழுன்னு இருக்கே தம்பி. நான் இப்ப வீட்டுக்குள்ள நிக்கிறேனா, ரோட்டுல நிக்கிறேனா?"

ஹார்ட்வெயாரில்

மறுநாள் ஹார்ட்வெயார் கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவினேன். வெளிச்சுவருக்கு மரம் தேய்க்கும் கரகரத் தாள், சமைக்கிற குசினித் தரைக்கு ரப்பர், குழாயடிக்குப் போகும் பாதைக்குப் பசையில் தூவ ஆற்று மணல். கடைக்கார நானா வெகுநேரம் பொறுத்துப் பார்த்தார்.

"தம்பி, சாமான் எடுக்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?"

பால் காய்ச்சிய நாள்

அதையெல்லாம் ஒட்டிக் கொடுத்த மாடலை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் மூன்று வாரம் விரலால் நடந்திருக்கிறார். குழாயடிப் பாதையில் மணலே மிச்சமில்லை. பால் காய்ச்ச என்னையும் கூப்பிட்டார்கள். புது வீட்டில் அண்ணன் யார் கையையும் பிடிக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு அறையைத் தாண்டி, குசினியைத் தாண்டி, குழாயடிக்குப் போனார். சரோஜா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம். அவரையே பார்த்தபடி பின்னால் போனவன், பின்வாசலில் கால் தடுமாறிச் சுவரைப் பிடித்தேன். அண்ணன் திரும்பாமலே சொன்னார்.

"அங்க ஒரு படி இருக்குங்க தம்பி, பாத்து வாங்க."

அந்தப் படியை அளந்தவனும் நான், வெட்டி ஒட்டியவனும் நான், விழப்போனவனும் நான்தான்.