வேப்பமரத்தடியில் நிற்கும் கார்

அந்தக் காரை வாங்கிய அன்றைக்கே, அதை எப்போது விற்பது என்றும் என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மூன்று வருஷம். அதற்கு மேல் வைத்திருந்தால் புதுசு புதுசாக வந்து இதன் மவுசு போய்விடும் என்றார். எனக்கு மூன்று நாளே அதிகமாகத் தோன்றியது.

சிவகாசியில் எங்கள் வீடு. அவருடைய பட்டாசுக் கம்பெனி ஏழாயிரம்பண்ணைப் பக்கம். தினமும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவருக்கு ஒரு கார் தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கூரை முழுக்கக் கண்ணாடி போட்ட கார் எதற்கு? நம் ஊர் வெயிலுக்கு அதைச் செய்தவன் இங்கே ஒரு சித்திரை மாதம் வந்து உட்கார்ந்து பார்க்கவேண்டும். உள்ளே துண்டை விரித்துக் கட்டித்தான் ஓட்டினார். முதுகைப் பிடித்துவிடுகிற இருக்கை ஒன்று உண்டு. ஒரு தடவை உட்கார்ந்தேன், யாரோ பின்னாலிருந்து முட்டுவது மாதிரி இருந்தது, இறங்கிவிட்டேன். கரண்டில் ஓடுகிற வண்டி என்று வீட்டுச் சுவரில் ஒரு பெட்டியை மாட்டினார்கள். அதைப் பார்க்கவே தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். "வெடி போடுறவரு சத்தமே இல்லாத வண்டியா வாங்கியிருக்காரே" என்று எதிர்வீட்டு அண்ணாச்சி சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு அந்தச் சத்தம் இல்லாததுதான் பிரச்சினை என்று அப்போது தெரியாது.

பழைய டீசல் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே கனைக்கும். அது கேட்டதும் எழுந்து தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். தோசைக்கல் ஒரு சாக்குத்தான். காலையில் அவர் கிளம்பிப் போனதிலிருந்து என் உடம்புக்குள் ஏதோ ஒன்று உட்காராமல் நின்றுகொண்டே இருக்கும். டீசல் சத்தம் கேட்டால்தான் அது உட்காரும். இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே பழகிவிட்டது. கல்யாணமாகி வந்தபோது யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்த பழக்கம்.

போன் பண்ணிக் கேட்டால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். கம்பெனிக்குள் போன் போகாது. முதலாளியானாலும் சரி, வேலையாளானாலும் சரி, கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வண்டியும் உள்ளே போகாது. கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருக்கிறது, அதன் அடியில்தான் நிற்கும். அவர் சாயங்காலம் வெளியே வந்து போனைக் கையில் வாங்கும்வரை அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

புதுக் கார் வந்தபின் அவர் பாட்டுக்கு வந்து என் பின்னால் நிற்பார். மெதுவாக வரும்போது அது ஏதோ முனகும், ஆனால் மிக்சி ஓடுகிற வீட்டில் அது எங்கே கேட்கும்? திரும்பிப் பார்த்தால் மனுஷன் நிற்பார், நான் பதறுவேன், "ஏன் இப்படிப் பயப்படுற?" என்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். காரைத் திட்டுவேன். தரை தட்டுகிறது, கண்ணாடி சுடுகிறது, இருக்கன்குடி போனால் சார்ஜ் இருக்குமா என்று கோயில் வாசலில்கூடக் கணக்குப் பார்க்கவேண்டியிருக்கிறது என்று ஆயிரம் காரணம் சொன்னேன். உண்மைக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். எங்கள் ஊரில் அதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

சென்னையில் இருக்கும் எங்கள் மகள் ஒருமுறை வந்தபோது, காருக்கான ஆப் ஒன்றை என் போனில் ஏற்றிக்கொடுத்தாள். கிளம்புவதற்கு முன்னால் ஏசியைப் போட்டு வைக்கலாம் என்றாள். "அப்பா எங்கன வர்றாகன்னு இதிலயே பாத்துக்கலாம்மா" என்று வரைபடத்தில் ஒரு புள்ளியையும் காட்டினாள். நான் சத்தம் வேண்டும் என்கிறேன், இவள் புள்ளியைக் காட்டுகிறாளே என்று எரிச்சலாக வந்தது. புருஷன் எங்கே போகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிற பழக்கம் எனக்கு இல்லை என்று மூடி வைத்துவிட்டேன்.

மூன்று வருஷம் முடிந்தது. இப்போது அவருக்கு மனசு மாறிவிட்டது. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்றார். ஆடிட்டர் ஒன்று சொன்னார், என் கொழுந்தனார் ஒன்று சொன்னார். நான் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் மதுரையிலிருந்து ஒரு வியாபாரி வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகவும், விலை படிந்தால் கொடுத்துவிட்டு மறுபடி டீசல் வண்டி வாங்குவதாகவும் ஆனது. நான் ஜெயித்துவிட்டேன்.

புதன்கிழமை முற்பகலில் நாத்தனார் போன் பண்ணினாள்.

"மதினி, அண்ணன் இன்னைக்கு வீட்லயா இருக்காக?"

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். எங்கோ வெடித்திருக்கிறது. என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள், ஆள் வீட்டில் இருக்கிறாரா என்றுதான் கேட்பார்கள்.

"கம்பெனிக்குப் போயிருக்காக" என்றேன்.

"சரி மதினி. நான் அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

வாட்ஸப்பில் அதற்குள் வந்திருந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடி விபத்து. எந்தக் கம்பெனி என்று இல்லை. தூரத்தில் புகை நிற்கிற படம் ஒன்று, அதில் ஒரு பனைமரம். எங்கள் கம்பெனிப் பக்கமும் பனை உண்டு. அவருக்குப் போட்டேன், அடித்து அடித்து நின்றது. வாட்ச்மேன் பெட்டிக்குள் அது அடித்துக்கொண்டு கிடப்பது எனக்குத் தெரியும். வாட்ச்மேனுக்குப் போட்டால் லைன் கிடைக்கவில்லை. உட்கார முடியவில்லை. அடுப்பை அணைத்தேன், மறுபடி ஏன் பற்றவைத்தேன் என்று தெரியவில்லை. வாசலுக்குப் போனேன், வந்தேன். சொல்லித்தான் ஆகவேண்டும், வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

அப்போதுதான் அந்த ஆப் ஞாபகம் வந்தது. திறந்தேன். புள்ளி வேப்பமரத்தடியில் நின்றது. கார் இருக்கிறது. கார் இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தமா? முன்னைவிட மோசமாகிவிட்டது எனக்கு. கண்டபடி தள்ளிக்கொண்டே போனதில் ஹாரன் படம் போட்ட ஒரு பொத்தான் வந்தது. பெரிய கடைகளில் காரை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாதவர்களுக்காக வைத்தது. அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன். என் வீட்டு அடுப்படியில் ஒரு சத்தமும் இல்லை. அங்கே அந்தக் காட்டுக்குள் அது கத்திக்கொண்டிருக்கும் என்று நம்பி அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

திரையில் ஒரு வரி வந்தது. ஓட்டுநர் கதவு திறந்திருக்கிறது.

சாவி அவர் சட்டைப் பையில் மட்டும்தான் இருக்கும். வேறு யாரும் அந்தக் கதவைத் திறக்க முடியாது. அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே போனில் பேசினார். "ஹாரன் அடிச்சது நீதானா?"

"ஆமா."

"நம்ம கம்பெனி இல்ல. மேற்க, வேற ஆளுக. எனக்கு ஒண்ணுமில்ல." பிறகு சொன்னார். "ஒண்ணு சொல்றேன் கேளு. இனிமே அதை அமுக்காத. வேலைய நிறுத்தி எல்லாரையும் வெளிய உக்கார வச்சிருந்ததால தப்பிச்சோம். அதுக்கே பொம்பளையாளுக அலறிக்கிட்டு ஓடிருச்சுக. வெடிமருந்து கையில இருக்கிற நேரத்துல அடிச்சிருந்தா என்னாகும்?"

அதை நான் நினைக்கவே இல்லை.

மேற்கே இருந்த அந்தக் கம்பெனிக்கு எங்கள் தெரு வழியாகத்தான் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் போகும், வரும். அன்று சாயங்காலம் அது வரவில்லை. எங்கள் கார்க் கதவு திறந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலில் நின்றேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது அவர் கேட்டார். "வெள்ளிக்கிழமை மதுரைக்காரரை வரச் சொல்லவா, வேண்டாமா?"

"வேண்டாம்."

"இம்புட்டு நாளா அதைத் திட்டிக்கிட்டு இருந்த. அப்ப எம்புட்டு நாளைக்கு வச்சிருக்கணும்ங்கிற?"

"நீங்க கம்பெனிக்குப் போற நாள் வரைக்கும்."

சிரித்தார். "பேட்டரிக்கு எட்டு வருஷந்தான் கேரண்டி."

"உங்களுக்கு எத்தன வருஷம் எழுதிக் குடுத்திருக்காக?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "மத்தியானம் கை கழுவ வெளிய வர்றப்ப ஒரு தடவை கதவத் திறந்து மூடுறேன். நீ ஹாரனைத் தொடாத" என்றார். சரி என்றேன்.

இப்போது காருக்கு நாலாவது வருஷம். கண்ணாடிக்கூரை இன்னும் சுடுகிறது, துண்டு மாறிவிட்டது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஒரு வரி வரும். கதவு திறந்திருக்கிறது. உடனே இன்னொன்று, மூடியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் நான் சோறு போட்டுக்கொள்வேன். முன்பெல்லாம் சாயங்காலம் ஒரு தடவைதான் காத்துக்கிடப்பேன், இப்போது மத்தியானமும் சேர்ந்துகொண்டது. இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு இன்னும் வரவில்லை. தீபாவளி சீசன், லோடு ஏறுகிற நாளாக இருக்கும். புள்ளி வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. ஹாரன் பொத்தானும் அதே இடத்தில் இருக்கிறது. அங்கே பெண்கள் மருந்தைக் கையில் வைத்திருப்பார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை, மறுபடி நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.