ரங்கத்துக்குப் போன கொண்டைக்கடலை

சுனாமி வந்துபோய்ச் சில வருடங்களில் எங்கள் பெரியப்பாவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. எங்கள் தீவின் ஹேடோ ஜெட்டியில், மெயின்லேண்டிலிருந்து கப்பலில் இறங்கும் மூட்டைகளை ஊர்வாரியாகப் பிரித்து அனுப்பும் மேஸ்திரியாக இருந்தவர். ரிட்டயர் ஆன பிறகும் கப்பல் ஹாரன் கேட்டால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் வீடு இருந்த டெலானிபூர் மேட்டிலிருந்து இறங்கிவிடுவார். ஒருமுறை ஜெட்டியின் விளிம்பில் நின்றவரை ஓர் ஆட்டோக்காரர் பிடித்து இழுத்துக் கூட்டிவந்தார். பெரியம்மா கதிகலங்கிப் போனாள். கதவைப் பூட்டிவைக்கச் சொன்னார் அப்பா. "அவரென்ன மாடா, கட்டிவைக்க?" என்று பெரியம்மா அழுதாள்.

வீட்டுக்கு வந்து பார்த்த வங்காளி நர்ஸ், "ஹாத் கோ காம் தோ" என்றார். கைக்கு வேலை கொடுக்க வேண்டுமாம். நான் பெரிய மனது பண்ணி என் எழுத்துக்கட்டைகளைக் கொடுத்தேன். "நான் என்ன பால்வாடிப் பிள்ளையா?" என்று தள்ளிவிட்டார். கட்டைகள் கட்டிலுக்கடியில் உருண்டன.

பெரியம்மாதான் கெட்டிக்காரி. கொண்டைக்கடலை, ராஜ்மா, பச்சைப்பயறு மூன்றையும் ஒரே தட்டில் கலந்து அவர் முன்னால் வைத்து, "கலந்துபோச்சுங்க, பிரிச்சுக் குடுங்க" என்றாள். அவ்வளவுதான்! கடலை ரங்கத்துக்கு, ராஜ்மா டிக்லிபூருக்கு, பயறு மாயாபந்தருக்கு என்று தீவில் ஊருக்கொன்றாக மூன்று டப்பாக்கள் நிரம்பின. ஹாரன் ஊதியபோது தலை நிமிர்ந்தது, கை நிற்கவில்லை.

மறுநாள் காலையில் அந்த மூன்று டப்பாக்களையும் பெரியம்மா சத்தமில்லாமல் மறுபடி தட்டில் கொட்டினாள். தினமும் இதே கூத்து. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனுஷனை இப்படியா ஏமாற்றுவது? எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் ஏற்கெனவே பெயர். பெரியம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துப் போட்டுக்கொடுத்துவிட்டேன்.

"பெரியப்பா, நீங்க பிரிச்சத பெரியம்மா தெனமும் திரும்பக் கலக்குறாங்க."

அவர் கை நின்றது. அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஹாரன் வேறு ஊதித் தொலைத்தது. பெரியப்பா எழுந்து வாசலுக்குப் போனார். ஐயோ, கெடுத்துவிட்டோமே என்று பின்னாலேயே எழுந்தேன். செருப்பை மாட்டியவர் குளியலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் காதருகில் குனிந்தார்.

"எனக்குத் தெரியும்மா. அவளுக்கு மறதி. கலந்துட்டு மறந்துடுறா, பாவம். சத்தம் போடாத. நான் ஜெட்டிக்குப் போயிட்டா அவள யாரு பாத்துக்குவா?"

மறுபடி உட்கார்ந்து கடலையைப் பொறுக்கினார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பெரியம்மா வெளியே வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஈரத்தலையோடு அவரிடம் போய், "மறுபடியும் கலந்துட்டேனா? எனக்கு ஒண்ணுமே நெனவுல நிக்க மாட்டேங்குதுங்க" என்றாள்.

"பரவால்ல விடு. நான் இருக்கேன்ல" என்றார் பெரியப்பா.

அதன் பிறகு தினமும் அவள் அதையே கேட்டாள், அவரும் அதையே சொன்னார். அக்கம்பக்கத்தார் முன்னால்கூட அவள் மறதிக்காரியாகவே இருந்தாள். பெரியப்பா என் பெயரை மறந்தார்; கூடப் பிறந்த தம்பியான என் அப்பாவையே யாரென்று கேட்டார். "நான் இருக்கேன்ல" என்ற அந்தப் பதில் மட்டும் மாறவில்லை.

பெரியம்மா என்னமாய் நடிக்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அந்த ஒரு பதிலைக் கேட்பதற்காகவும்தான் அவள் தினமும் தட்டைக் கலக்கினாள் என்று எனக்கு அப்போது தெரியாது.