மண்ணெண்ணெய் குடிக்குமோ?

வவுனியாவிலை புது மோட்டச்சைக்கிள் கண்காட்சி வைக்கினமாம் எண்டு கேள்விப்பட்ட நாளிலை இருந்து அத்தான் ஒழுங்காச் சாப்பிடேல்லை. அக்கான்ரை புருசன் அவர். புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பக்கத்திலை மோட்டச்சைக்கிள் திருத்துற கொட்டில் வைச்சிருந்தவர். தொண்ணூறுகளின்ரை நடுப்பகுதி அது. சண்டைக்காலம், வன்னிக்குப் பெற்றோல் கொண்டுவர அரசாங்கத்தின்ரை தடை. வன்னிக்குள்ளை ஓடின மோட்டச்சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. அதிலை அரைவாசி அத்தான்ரை கைபட்டது. எல்லாம் பழசு. புது மொடல் எண்டு ஒண்டைக் கண்ணாலை கண்டு அவருக்கு வருசக்கணக்கு.

எனக்கு அந்த விசர் இல்லை. என்ரை தேவை வேறை. நான் குடும்பநல மருத்துவிச்சி. முல்லைத்தீவுக் கரையிலை பிறந்தனான். எங்கடை ஆக்கள் இடம்பெயர்ந்து தண்ணீரூற்றிலை இருந்தவை. எனக்கு வேலை கிடைச்சது கண்டாவளைப் பக்கம். சைக்கிளிலைதான் வீடு வீடாத் திரிஞ்சன். முந்தின மாரியிலை ஒரு காலமை, மலையகத்திலை இருந்து வந்து அங்கை வயல் செய்துகொண்டிருந்த ஒரு தம்பி ஓடி வந்தார். பெண்சாதிக்குப் பிள்ளை பெறுற நோ தொடங்கீட்டுது எண்டார். மழையெண்டால் மழை. பாதை முழுக்கச் சேறு. நான் சைக்கிளிலை போனதை விட, சைக்கிள் என்ரை தோளிலை போனதுதான் கூட. போய்ச் சேர்ந்தால், தொப்புள்கொடி கழுத்திலை சுத்தினபடி பிள்ளை நீலமாய்க் கிடக்குது. அரை மணித்தியாலம் முந்திப் போயிருந்தால் காப்பாத்தியிருப்பன். இதை நான் ஆருக்கும் மறைச்சதில்லை. அந்தத் தம்பி என்னை ஒரு சொல்லுப் பேசேல்லை. சேத்துக்காலைக் கழுவச் சொல்லி வாளியிலை தண்ணி கொண்டு வந்து வைச்சார். நாலு பேச்சுப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறியிருக்கும்.

அடுத்த வருசம் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் எங்கடை பகுதி மருத்துவிச்சிக்கு ஒரு மோட்டச்சைக்கிள் தாறம் எண்டது. எது வேணுமெண்டு நீங்களே பாத்துச் சொல்லுங்கோ, மெசின் தெரிஞ்ச ஒராளையும் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டும் சொல்லிச்சினம். அந்த நேரம் அந்தத் தம்பின்ரை பெண்சாதிக்குத் திரும்பவும் வயித்திலை தங்கியிருந்தது, மூண்டு மாசம். கிளினிக்குக்கு வந்தவ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, "இந்தத் தடவ நேரத்துக்கு வந்துருவீங்கதானே மிஸ்ஸி?" எண்டு கேட்டா. வந்திடுவன் எண்டு சொல்லிப்போட்டன். சொல்லிப்போட்டு இரவிரவா நித்திரை இல்லை. அதுதான் வன்னியை விட்டு ஓமந்தை தாண்டிப் போகப் பாஸ் எடுத்துக்கொண்டு அத்தானோடை வவுனியாவுக்கு வெளிக்கிட்டனான்.

மைதானத்திலை துணிப்பந்தல் போட்டிருந்திச்சினம். கம்பளம் விரிச்ச மேடையிலை நாலு மோட்டச்சைக்கிள். ஒலிபெருக்கியிலை பாட்டு. கழுத்துப்பட்டி கட்டின ஒரு விற்பனைக்காரத் தம்பி, வேர்வையைத் துடைக்கிறதும் விளங்கப்படுத்திறதுமா நிண்டார். நல்ல சனம். கொஞ்ச நேரத்திலை எனக்கு ஒண்டு பிடிபட்டுது. ஆர் வவுனியா ரவுண் ஆக்கள், ஆர் எங்கடை பக்கத்து ஆக்கள் எண்டு கேக்கவே தேவையில்லை. ரவுண் ஆக்கள் நிண்டபடி பாக்கினம்: நிறம், கண்ணாடி, லைற். எங்கடை சனம் மேடையிலை ஏறின உடனை குந்தி இருந்திடுது. குந்தியிருந்து எஞ்சினுக்குக் கீழை தலையை விட்டுப் பாக்குது. கம்பளத்திலை வரிசையாக் குந்தியிருந்த அவ்வளவு பேரும் வன்னி.

அத்தான் குந்தினவர்தான், எழும்பேல்லை.

முன்னுக்கு நிண்டது சிவப்பு நிறப் பெரிய சாமான். விற்பனைக்காரத் தம்பி அதின்ரை வேகத்தைச் சொன்னார். எனக்குப் பக்கத்திலை நிண்ட ஒரு கமக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சார்.

"தம்பி, எங்கடை றோட்டிலை இருபதுக்கு மேலை போனால் ஆள் ஒரு பக்கம், சில்லு ஒரு பக்கம். அதை விடும். பின்னாலை ரண்டு மூட்டை நெல்லு ஏத்தினால் முன்சில்லு எழும்பாதோ?"

விற்பனைக்காரத் தம்பி கையிலை இருந்த தாளைப் பிரட்டிப் பாத்தார். நெல்லுமூட்டையைப் பற்றி அதிலை ஒண்டும் இல்லைப் போலை.

எங்கடை கரைப்பக்கத்து மீன் வியாபாரி ஒராளும் வந்திருந்தவர். அவர் நகத்தாலை மட்காட்டைச் சுரண்டிப் பாத்தார். "உந்தப் பூச்சு உப்புக்காத்துக்கு ஒரு மாரி தாங்காது. மீன்பெட்டி கட்டக் கம்பி எங்கை? அழகுக்குச் செய்திருக்கிறாங்கள், பிழைப்புக்குச் செய்யேல்லை." சொல்லிப்போட்டுப் போனவர், திரும்பி வந்து அந்தச் சிவப்பைக் கையாலை ஒருக்காத் தடவிப்போட்டுத்தான் போனார். ஆசை ஆரை விட்டது.

அத்தான் கீழை இருந்து நிமிர்ந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இது மண்ணெண்ணெய் குடிக்குமோ?"

"என்ன அண்ணை, பகிடியோ? மண்ணெண்ணெய் விட்டால் உத்தரவாதம் போயிடும்."

"உத்தரவாதம் ஓமந்தைக்கு அங்காலை வராது தம்பி. நீர் காபரேற்றரைக் காட்டும்."

குந்தியிருந்த சனம் முழுக்கச் சிரிச்சுது. விற்பனைக்காரத் தம்பியும் நல்ல பிள்ளை, கோவிக்கேல்லை. அவருக்கும் புதினம் பாக்கிற ஆசை வந்திட்டுது. மூடியைக் கழட்டிக் காட்டினார். அத்தான் சேட்டுப்பையிலை இருந்து தன்ரை கண்மருந்துப் போத்தலை எடுத்தார். வெறும் போத்தல்தான். வன்னியிலை மோட்டச்சைக்கிள் வைச்சிருக்கிற எல்லாரிட்டையும் அப்படி ஒண்டு இருக்கும். மண்ணெண்ணெயிலை ஓடுற எஞ்சின் குளிரிலை பத்தாது. காபரேற்றருக்குள்ளை நாலு துளி பெற்றோல் விட்டு, அது பத்தின கையோடை மண்ணெண்ணெயைக் குடிக்கப் பழக்க வேணும். அத்தான் போத்தல் மூக்கை ஒவ்வொரு மோட்டச்சைக்கிளிலையும் நுழைச்சுப் பாத்தார். மூக்குப் போற இடமிருந்தால் தலையை ஆட்டுவார். போகாட்டில் "ச்சிக்" எண்டுவார். டொக்டர் மாதிரி.

நான் கடைசியிலை நிண்டதைக் கண்டிட்டன். சின்னன். நீல நிறம். முன்னுக்கு எண்ணெய்த் தாங்கி இல்லை, பாவாடையோடை ஏறி இருக்கலாம். இருந்தன். ரண்டு காலும் நிலத்திலை முட்டுது! நான் ஆள் கட்டை. அத்தான்ரை கொட்டிலிலை ஓடிப் பழகின பழசிலை எனக்கு ஒரு கால்தான், அதுவும் பெருவிரல்தான் முட்டும்.

"இந்தப் பட்டனை அமத்துங்கோ அக்கா" எண்டார் விற்பனைக்காரத் தம்பி.

அமத்தினன். அமத்தின கையோடை, பழக்கதோசம், வலது காலைத் தூக்கிக் கிக்கரை உதைச்சன். அங்கை கிக்கர் எங்கை இருக்கு? என்ரை செருப்புப் பறந்து போய் ஒலிபெருக்கிப் பெட்டியிலை விழுந்துது. ரவுண் சனம் சிரிச்ச சிரிப்பு இருக்கே! எனக்கு மூஞ்சை பத்தி எரிஞ்சுது. ஆனால் சிரிப்புக்குள்ளை நான் வேறை ஒண்டை யோசிச்சுக்கொண்டிருந்தன். எஞ்சின் சத்தத்தைக் காணேல்லை.

"இது இன்னும் எடுபடேல்லையோ தம்பி?"

"எடுபட்டிட்டுது அக்கா. ஓடிக்கொண்டுதான் இருக்கு. பக்கத்திலை பிள்ளை நித்திரை கொண்டாலும் எழும்பாது."

குனிஞ்சு காதை வைச்சுக் கேட்டன். உண்மைதான். பூனை படுத்திருக்கிற மாதிரி ஒரு சின்ன உறுமல். எனக்கெண்டே ஆரோ செய்து வைச்சிருக்கினம் எண்டு நினைச்சன். மாதாவே, வேறை ஒண்டும் வேண்டாம், இதைத் தா எண்டு அதிலை இருந்தபடியே கேட்டும் விட்டன்.

அத்தான் வந்து குந்தினார். போத்தல் மூக்கை இஞ்சாலை விட்டுப் பாத்தார், அங்காலை விட்டுப் பாத்தார்.

"ச்சிக்."

"என்ன ச்சிக்?"

"காபரேற்றர் உள்ளை மூடிக் கிடக்குது பிள்ளை. துளி விட வழியில்லை. பட்டன் வேலை செய்யப் பற்றரி வேணும், பற்றரி செத்தால் அங்கை ஆர் தருவினம்? எஞ்சினும் நுட்பமானது. மண்ணெண்ணெயைக் கண்டால் ஒரு கிழமையிலை வாயை மூடிப்போடும்."

"அப்ப எதுதான் ஓடும்?"

மூண்டாவதாய் நிண்டதைக் கையாலை காட்டினார். ஒருத்தரும் பாக்காமல் நிண்டது அது. கறுப்பு. பழைய மொடலுக்குப் புது நிறம் பூசின மாதிரி. நெடு நெடு எண்டு உயரம். ஏறி இருந்தன். ரண்டு காலும் அந்தரத்திலை. எஞ்சினை எடுத்துப் பாத்தால், சத்தத்திலை அறுவடை மெசின் தோத்துது.

எனக்கு வந்ததே கோவம். "நான் ஓடக்கூடியது அங்கை ஓடாது, அங்கை ஓடுறதை நான் ஓடேலாது! இதைச் சொல்லவோ இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" எண்டு அவ்வளவு சனத்துக்கும் நடுவிலை கத்திப்போட்டன். பாவம் அவர். நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

அத்தான் கத்தேல்லை. "பிள்ளை, உயரத்தை நான் குறைச்சுத் தருவன். பெற்றோலை ஆர் தருவினம்? நீ சொல்லு. நீதான் ஓடப்போறாய்" எண்டார்.

நீலத்திலை இன்னொருக்கா ஏறி இருந்தன். ரண்டு காலையும் நிலத்திலை நல்லா ஊண்டினன். பிறகு இறங்கி, செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, கறுப்பின்ரை பேரைத் தாளிலை எழுதி வாங்கினன்.

அனுமதிக்கும் ஏத்தி இறக்கவும் எண்டு அலைஞ்சு, மோட்டச்சைக்கிள் வந்து சேர ஐஞ்சு மாசத்துக்கு மேலை ஆச்சு. அந்தத் தம்பின்ரை பெண்சாதிக்கு நாள் வர இன்னும் மூண்டு கிழமை. அது வந்த அண்டைக்கே அத்தான் கத்தியை எடுத்து, புதுச் சீற்றைக் கிழிச்சு, பஞ்சை அரைவாசி வெட்டி எறிஞ்சார். பெருவிரல் நிலத்திலை முட்டிச்சுது. நாலுதரம் விழுந்து எழும்பி, முழங்கால் ரண்டையும் உரிச்சுக்கொண்டு ஓடப் பழகினன். அதின்ரை குணம் எனக்குப் பிடிபட்டுது: ஓடேக்கை நல்ல பிள்ளை, நிப்பாட்டினால் சனியன். அக்சிலேற்றரை முறுக்கிப் பிடிச்சிருக்கும் மட்டும் உயிரோடை இருக்கும். கையை விட்டால் இருமிப்போட்டுச் செத்திடும். பிறகு பெற்றோல் துளி இல்லாமல் உயிர் வராது.

ஒரு காலமை எட்டு மணிபோலை அந்த வயல்காரத் தம்பி சைக்கிளிலை வந்து விழுந்தார். முகத்தைப் பாத்த உடனை விளங்கீட்டுது. என்ரை கண்மருந்துப் போத்தலை எடுத்தன். அடியிலை பெற்றோல் கொஞ்சம்தான். துளி விட்டு உதைச்சன், இல்லை. திரும்ப விட்டு உதைச்சன், இருமிச்சுது, நிண்டுது. மிச்சம் எல்லாத்தையும் விட்டு, மாதாவைக் கூப்பிட்டு உதைச்சன். எடுபட்டிட்டுது. போத்தல் வெறுமை. "ஏறுங்கோ தம்பி!" எண்டன். என்ரை பெட்டியை மடியிலை வைச்சுக்கொண்டு பின்னாலை ஏறினார். போன மாரியிலை ஒரு மணித்தியாலம் சுமந்த பாதை, இருபது நிமிசம்.

முற்றத்திலை இறங்கேக்கைதான் எனக்கு யோசனை போச்சு. தாய்க்கு ஏதும் ஒண்டெண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் வாகனம் கொண்டு வரவேணும். எஞ்சின் நிண்டால் திரும்ப எடுக்கத் துளி இல்லை. அந்தத் தம்பின்ரை கையைப் பிடிச்சு அக்சிலேற்றரிலை வைச்சன்.

"இப்பிடியே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. என்ன நடந்தாலும் கையை எடுக்காதேங்கோ. நான் சொல்லும் மட்டும் விடாதேங்கோ."

தலையை ஆட்டினார். நான் உள்ளை ஓடினன்.

இந்தப் பிள்ளைக்கும் கொடி சுத்தித்தான் இருந்தது. தலை வெளியிலை வந்த உடனை விரலை விட்டுக் கழட்டினன். பெண் பிள்ளை. முதுகைத் தேய்க்க, ஒருக்கா மூச்சை இழுத்து, வீறிட்டு அழுதா. தாயும் அழுதா, நானும் அழுதன். நஞ்சுக்கொடி விழுந்து, துடைச்சுச் சுத்தி, தாயை வடிவாப் பாத்து முடிக்க முக்கால் மணித்தியாலம் போட்டுது. வெளியிலை நிக்கிற ஆளை நான் மறந்தே போனன். தேப்பன் ஏன் இன்னும் எட்டிப் பாக்கேல்லை எண்டு எனக்குக் கோவம் கூட வந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தன். முற்றம் முழுக்க நீலப் புகை. அதுக்கு நடுவிலை அந்தத் தம்பி, நான் விட்ட இடத்திலேயே, அசையாமல் நிண்டார். மூக்கு வாயெல்லாம் கரி. கண்ணிலை இருந்து தண்ணி ஓடுது. ரண்டு கையாலையும் அக்சிலேற்றரை இறுக்கிப் பிடிச்சபடி. அறுவடை மெசின் சத்தம் காதைப் பிளக்குது. நான் உள்ளை இருந்து ஏதோ சொன்னதையோ, பெண்சாதி அழுததையோ அவர் கேட்டிருக்க வழியில்லை. என்னைக் கண்டிட்டு, என்ரை கையிலை இருந்த துணிச் சுருளைப் பாத்தார். அது அசையுதோ இல்லையோ எண்டு அந்தப் புகைக்குள்ளாலை தெரியேல்லைப் போலை. முகம் அப்பிடியே வெளிறிப் போச்சு. ஆனாலும் கையை எடுக்கேல்லை.

"இப்ப கைய எடுக்கலாமுங்களா, மிஸ்ஸி?" எண்டு கத்திக் கேட்டார்.

"எடுங்கோ தம்பி! எடுங்கோ!"

கையை விட்டார். எஞ்சின் ஒருக்கா இருமி, நிண்டுது. அப்பதான் அவருக்குப் பிள்ளை அழுறது கேட்டுது.