பச்சையாக எரிந்த புத்தகம்

அகலத் தட்டில் இருந்த டீ டிகாஷனில் காகிதங்களை ஒவ்வொன்றாக நனைத்து, இரண்டு விரலால் தூக்கி, கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள் பசையக்கா. முழங்கை வரை பழுப்பு. படப்பிடிப்புக் கூடத்தின் பின்னறையில் அவளுக்கு ஒரு மேசை, முதலுதவிப் பெட்டியோடு எனக்கு ஒரு நாற்காலி. அங்கே எல்லோருக்கும் நான் நர்ஸம்மா.

மாந்திரீகமும் கொலையுமாகப் போகும் படம் அது. அபூர்வப் புத்தகங்களைச் சேர்க்கும் பணக்காரர் ஒருவர், ஒரு மந்திர நூலுக்காக ஆட்களைத் தீர்த்துக்கட்டுவார். கடைசியில் அதைத் தன் கையாலேயே எரிப்பார். அந்த நூலைச் செய்தவள் பசையக்கா. கண், எலும்பு, கொக்கி என்று மனம்போல வரைந்து பக்கங்களை நிரப்பியிருந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டால், "எங்க மாமியார் என்னைத் திட்டினது பூரா இருக்கு" என்பாள்.

அச்சகத்தில் நோட்டுப் புத்தகம் தைத்துக்கொண்டிருந்தவள். கணவன் போன பிறகு சினிமாவுக்குச் சாமான் செய்யும் கடையில் சேர்ந்தாள். மாமியாரோடு ஒரே வீட்டில் சண்டையும் சாப்பாடுமாகக் காலம் ஓடுகிறது. அவள் தனிப் பொறுப்பில் வந்த முதல் படம் இது. சொதப்பினால் மறுபடி கடையில் எடுபிடிதான்.

அவளிடம் எப்போதும் இரண்டு பசைப் பாத்திரம் இருக்கும். கிடங்கில் வைக்கும் புத்தகங்களுக்குப் பூச்சி அரிக்காதபடி மயில்துத்தம் கலந்த பசை. எரிக்கும் புத்தகங்களுக்கு வெறும் மைதாப் பசை. துத்தம் போட்டால் நீலம் தெரியும். ஆனால் பழசாகத் தெரியவேண்டும் என்று இவள் பசையிலும் டிகாஷனை ஊற்றுவாள். ஆக இரண்டும் ஒரே பழுப்பு, மூடியை வைத்துத்தான் அடையாளம். ஒருநாள் மூடிகளைக் கழுவி மாற்றிப் போட்டுவிட்டாள்.

ஒத்திகையில் பணக்காரராக நடிக்கும் பெரியவர் புத்தகத்தைப் பற்றவைத்தார். சுவாலை பச்சையாக எழும்பியது. லைட்காரர் ஒருவர் செருப்பைக் கூட விட்டுவிட்டு வெளியே ஓடினார். டைரக்டருக்கு வாயெல்லாம் பல். பெரியவர் இருமினார், நிறுத்தமுடியாமல் இருமினார். ஏற்கெனவே இழுப்பு உள்ள நெஞ்சு. நான் அவரைக் காற்றோட்டமாக நிமிர்த்தி உட்காரவைத்து, அவருடைய மருந்தை உறிஞ்சக் கொடுத்து, மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

"அந்தம்மா செஞ்ச எதையும் இனி நான் தொடமாட்டேன்" என்றார் அவர்.

பின்னறைக்கு வந்தபோது பசையக்கா இரண்டு பாத்திரத்தையும் திறந்துவைத்து நின்றிருந்தாள்.

"நர்ஸம்மா, பசை மாறிப்போச்சு. எரிக்கன்னு செஞ்சதுல மிச்சம் இருக்கிற ரெண்டு புக்கும் இதே துத்தப் பசைதான்."

"நாளைக்கு அதை எரிச்சா பெரியவரை ஆஸ்பத்திரியிலதான் போய்ப் பாக்கணும்."

"பேய் வேலைன்னு நினைச்சுக்கிட்டு டைரக்டர் குஷியா இருக்காரு. நான் வாயைத் திறந்தா வேலை போயிடும்."

"போகலாம்."

"ஆறுதலா ஒரு வார்த்தை வராதா உங்களுக்கு?"

"அதுக்கு எனக்குச் சம்பளம் இல்ல."

சிரித்துவிட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக டைரக்டரிடம் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல தம்பி. என் பசையில துத்தம், அது எரிஞ்சா பச்சையாத்தான் எரியும். தப்பு என்னோடது. வேற புக் செஞ்சு தரேன்."

டைரக்டர் முகம் சுருங்கியது. "அந்தப் பச்சை எனக்கு வேணும்க்கா."

"பச்சை வேணும்னா லைட்டுல போடுங்க. அவரு மூச்சுல போடாதீங்க."

மேனேஜர் குறுக்கே வந்தார். "பெரியவருக்கு நாளையோட கால்ஷீட் முடியுது. புக் வரலைன்னாலும் சரி, அவரு தொடலைன்னாலும் சரி, நீங்க மூட்டையைக் கட்டிக்கலாம்."

"சரிங்க" என்றாள், கடைக்குப் போய்வரச் சொன்னதுபோல.

புதுப் பசை காலைக்குள் காயாது. அதனால் பசையே வேண்டாம் என்று முடிவுசெய்தாள். காகிதங்களை வீட்டுக்கு எடுத்துப்போய், அச்சகத்துத் தையலில் நூலால் மட்டுமே இரண்டு புத்தகம் தைத்தாள். அட்டையையும் நூலாலேயே இழுத்துக் கட்டினாள். மாமியார் திட்டிக்கொண்டே ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாராம்.

மறுநாள் காலை பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். பசையக்கா யாரையும் கேட்கவில்லை. அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள், ஒரு புத்தகத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கொளுத்தினாள், குனிந்து அதன் மேலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். "மூஞ்சை எடு" என்று நான் அதட்டினேன். கேட்கவில்லை. மஞ்சளாக எரிந்தது. கண்ணில் நீர் வந்ததே தவிர இருமல் வரவில்லை.

பெரியவர் பக்கத்தில் வந்து பார்த்தார். "பச்சையைக் காணோமே?"

"இன்னைக்கு எரியுறது மாமியார் திட்டு மட்டும்தான்யா."

அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்து, இன்னொரு புத்தகத்துக்காக நீட்டினார். நான் காற்றாடியை அவர் முதுகுப் பக்கமாக, புகையை அப்பால் தள்ளும்படி திருப்பிவைத்தேன். லைட்காரர்கள் விளக்கில் பச்சைத்தாள் ஒட்டினார்கள். ஒரே டேக்கில் முடிந்தது.

பசையக்கா சாம்பலைத் தானே கூட்டி அள்ளினாள். பிறகு பின்னறைக்கு வந்து, துத்தப் பசைப் பாத்திரத்தின் கழுத்தில் சிவப்புத் துணி ஒன்றை இறுக்கிக் கட்டிவிட்டு, அடுத்த காகிதத்தை டிகாஷனில் நனைத்தாள்.