சிவப்பு அட்டைக்கு அடித்த மணி

அந்த மேசை மணி இன்னும் என்னிடம் இருக்கிறது. பழைய ஆபீஸ்களில் பியூனைக் கூப்பிட வைத்திருப்பார்களே, தலையில் தட்டினால் டிங் என்னும், அதுதான். 2008இல் சிதம்பரத்தில் உளவியல் படித்தபோது, அதைப் பையில் போட்டுக்கொண்டு தினமும் பஸ் பிடித்துக் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போவேன். பச்சை அட்டை காட்டினால் பிள்ளைகள் மணியை அடிக்க வேண்டும். சிவப்பு காட்டினால் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். யாரால் அடக்க முடியவில்லை என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

நாலாம் வகுப்பில் ஒரு சிறுமி. சிவப்பைப் பார்த்தாலும் அவள் கை முந்திக்கொள்ளும். அடித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். வாயும் அப்படித்தான். மூன்றாம் நாள் நான் அட்டையைத் தூக்கும்போதே, "மிஸ், நீங்க ஏன் ஒண்டியா சாப்புடுறீங்க?" என்றாள். ஆசிரியர்கள் அறைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. காலியான லேப் அறையில் நான் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். சோதனை நடக்கும்போது பேசக்கூடாது என்பது விதி. "அட்டையப் பாரு" என்று சொல்லிவிட்டு, தாளில் 'இடையில் பேசினாள்' என்று எழுதி ஒரு பெருக்கல் குறி போட்டேன். பெரிய ஆராய்ச்சியாளர் இல்லையா நான்.

அன்று மாலை அவளுடைய வகுப்பு டீச்சர் வந்து, "ஏம்மா, இதுல யாரு ரொம்ப மோசம்?" என்று கேட்டார். தாளை யாருக்கும் காட்டக்கூடாது என்பதும் விதிதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவர் என்னிடம் நின்று பேசியது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் யோசிக்காமல் நீட்டிவிட்டேன். மறுநாள் அவளைத் தோழிகளின் பெஞ்சிலிருந்து எழுப்பி, சுவரோரம் தனி ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். என்னால்தான் என்று தெரிந்தும், வேண்டாம் டீச்சர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசி நாள் சோதனைக்கு வந்தவள் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். ஒரு சிவப்புக்கும் மணி அடிக்கவில்லை. பச்சை வந்தபோதும் அடிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். முடிந்ததும், "போலாமா மிஸ்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை. தாளைப் பார்த்த என் கைடு, நல்ல முன்னேற்றம் என்றார்.

இப்போது அந்த மணி என் சாப்பாட்டு மேசைமேல் இருக்கிறது. சோற்றைப் போட்டுக்கொண்டு சில நாள் ஒரு தட்டு தட்டுவேன், சத்தம் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். ஆமாம்மா, ஒண்டியாத்தான் சாப்புடுறேன் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அதற்கப்புறம் என்னிடம் யாரும் கேட்கவில்லை.