ஏற்றத்தில் கூடவே வந்தவர்

டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் என் பக்கத்து அறையில் இருந்த துறைமுக ஆபீஸ் கிளார்க்குக்கு ஒரு தோள் மட்டும் இறங்கியிருக்கும். முந்தின வருட சைக்கிள் பந்தயத்தில் ஒரு கான்ட்ராக்டர் வேண்டுமென்றே இடித்துத் தள்ளியதில் எலும்பு முறிந்து, கோணலாகச் சேர்ந்துவிட்டது.

தினமும் காலையில் மேடும் பள்ளமுமாக மிதித்துவிட்டு வந்ததும், சுவரில் ஒட்டிய கிராஃப் தாளில் இரண்டு புள்ளிகள் வைப்பார். சிவப்பு, உடம்பில் ஏறிய பலம். நீலம், சேர்ந்த அசதி. அடுத்த பந்தயம் நெருங்கியபோது சைக்கிளைத் தொடுவதையே நிறுத்திவிட்டார்.

“என்ன அண்ணே, பயமா?” என்றேன்.

“அசதி எறங்கணும் தம்பி. பலம் சீக்கிரம் எறங்காது. அப்ப அந்தக் கான்ட்ராக்டர் கதம், முடிஞ்சான்.”

பந்தயத்தன்று கடைசி ஏற்றத்தில் நின்று பார்த்தேன். முன்னால் போன கான்ட்ராக்டரை அவர் சுலபமாக எட்டிப் பிடித்தார். ஆனால் தாண்டவில்லை. பக்கத்திலேயே மிதித்தபடி, “சலோ பாய், இன்னும் வேகமா, சலோ!” என்று சிரித்துச் சிரித்து விரட்டினார். மூச்சு முட்ட மிதித்த கான்ட்ராக்டர், கடைசியில் சைக்கிளோடு சரிந்து சாலையோரம் வாந்தியெடுத்தார். இவரும் இறங்கி நின்று, அதை முழுக்கப் பார்த்தார். பின்னால் வந்த யாரோ கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்.

“ஜெயிச்சிருக்கலாமே அண்ணே!”

“கப்பு யாருக்கு வேணும்?”

அத்தனை நிம்மதியான முகத்தை நான் பார்த்ததில்லை. அதன்பிறகு விளையாட்டுக்குக்கூட அவரை எதிர்த்துப் பேசியதில்லை.